"உப்பு கடல்ல இருந்தா அழகு!" வருஷத்துக்கு ஒரு கடற்கரை பார்க்கும் ஆம்பூர் பெரியவர்

ஆம்பூரில் இருந்து கடலுக்குக் கிட்டத்தட்ட 180 கிலோ மீட்டர். காற்று அடித்தால் மலை வெக்கை வரும். தோல் வாசனை வரும். மத்தியான வேளையில் பிரியாணி வாசனை வரும். கடல் வாசனை மட்டும் வராது.

அந்த ஊரில் கடல் பைத்தியம் பிடித்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். வயது 70. தோல் கம்பெனியில் 16 வயதில் காலை வைத்தவர். உப்புத் தோலை உதறும் வேலையில் ஆரம்பித்து, சுண்ணாம்புத் தொட்டி, டிரம் என்று படிப்படியாக ஏறி, கடைசியில் மேஸ்திரியாக ஓய்வு பெற்றார். மொத்தம் 42 வருஷம்.

ஓய்வு பெற்ற நாளில் இருந்து அவருக்கு ஒரே ஆசைதான். வருஷத்துக்கு ஒரு கடற்கரை! மற்றவர்கள் ஏலகிரி மலைக்குப் போவார்கள், திருப்பதிக்குப் போவார்கள். இவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு கிழக்கே பஸ் ஏறிவிடுவார். போய் வந்த பஸ் டிக்கெட், ரெயில் டிக்கெட் எல்லாம் பழைய பிஸ்கெட் டப்பா ஒன்றில் பத்திரமாக இருக்கிறது.

"இன்னா மேஸ்திரி, இந்த வருஷம் எந்தக் கடலு?" என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். அவர் கோபித்துக்கொள்வதில்லை. எந்த ஊர்க் கடல் எப்படி, எங்கே குளிக்கலாம், எங்கே குளிக்கக்கூடாது, எங்கே பெண்களுக்கு வசதி என்று உட்கார வைத்துச் சொல்ல ஆரம்பித்து விடுவார். கேட்பவர்தான் டீயை ஆற விட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

சட்டை வாசனை

அவர் முதன் முதலாகக் கடலைப் பார்த்தது 1974-ம் ஆண்டு. அப்போது வயது 19.

பதனிட்ட தோலை லாரியில் ஏற்றிக்கொண்டு சென்னை பெரியமேட்டுக்குப் போனார்கள். தோல் வியாபாரத்துக்குப் பெயர் போன இடம் அது. மத்தியானத்துக்குள் லோடு இறங்கிவிட்டது. லாரி திரும்புவது ராத்திரிதான். "சும்மா குந்திகினு இருக்காதே, போய் கடலைப் பாத்துட்டு வா" என்று டிரைவர் சொன்னார்.

பஸ்சில் ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் ஒரு நிமிஷம் முகத்தைச் சுளித்தார். பிறகு எழுந்து போய் நின்றுகொண்டார். இடம் காலியாகவே இருந்தது. யாரும் வந்து உட்காரவில்லை.

"எனக்கு அப்பத்தான் உறைச்சுது. நம்ம சட்டையில தோல் வாசனை அடிக்குதுன்னு! ஊர்ல எல்லாரு மேலயும் அதே வாசனைதான், அதனால தெரியல. 2 ஸ்டாப்பிங் முன்னாடியே எறங்கி நடந்தே பூட்டேன்."

மெரினாவில் மீனவர்கள் வலை இழுத்துக்கொண்டு இருந்தார்கள். ஒரு பக்கம் கருவாடு காய்ந்தது. அந்த வாசனைக்கு முன்னால் தோல் வாசனை எம்மாத்திரம்? சுண்டல் விற்ற பையன் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கதை பேசினான்.

"லாரி கெளம்புற நேரம் வரைக்கும் அங்கியே உக்காந்துகினு இருந்தேன். அந்த இடத்துல யாரும் என்னைப் பாத்து மூக்கைப் பொத்தல. கடலு எனக்குப் புடிச்சுப் போனது அன்னைக்குத்தான்" என்கிறார் பெரியவர்.

மணல் எங்கிருந்து வந்தது?

மெரினாவைப் பற்றி அவர் சொல்லும் சேதி பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அவ்வளவு அகலமான மணல் அங்கே ஆதி காலத்தில் இருந்து கிடக்கவில்லை. சுமார் 150 வருஷத்துக்கு முன்னால் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். இந்தக் கரையோரமாகக் கடல் மணல் வருஷத்தில் பெரும் பகுதி தெற்கே இருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகச் சுவர் அதைத் தடுத்தது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து கடற்கரை விரிந்தது. 1884-ல் கவர்னர் கிராண்ட் டப் அங்கே நடைபாதை போட்டு 'மெரினா' என்று பெயர் வைத்தார். சுவருக்கு வடக்கே இருந்த ராயபுரம் பக்கம் மணல் கிடைக்காமல் கரை அரித்துப் போனது.

"ஒரு ஊருக்கு வந்த மணலு இன்னொரு ஊருக்குப் போகாம நின்ன மணலு. இது எத்தனை பேருக்குத் தெரியும்?" என்று கேட்கிறார்.

மெரினாவுக்கு அவர் தரும் யோசனை ஒன்றுதான். விடிகாலையில் போக வேண்டும். நம் கடல் கிழக்குக் கடல். காலையில் சூரியன் முகத்துக்கு எதிரே கடலில் இருந்து எழும். மத்தியானத்துக்கு மேல் வெயில் முதுகுக்குப் போய்விடும், எதிரே குளிர்ந்த காற்று வரும். ஆனால் சாயங்காலம் கூட்டம் தாங்காது. குளிக்க ஆசைப்படக் கூடாது. மெரினாவில் குளிக்கத் தடை இருக்கிறது. அலை கரையில் உடைந்து திரும்பும்போது காலுக்கடியில் மணலைப் பறித்துக்கொண்டு போகும். நீச்சல் தெரிந்தவனே தடுமாறுவான்.

கண்ணாடிக்குள் கடல்

சென்னைக்குத் தெற்கே கோவளம். பெரியவர் கடலைப் பார்த்த அதே 1974-ல்தான் அங்கே தாஜ் நிறுவனத்தின் நட்சத்திர ஓட்டல் திறந்தது.

அந்த ஓட்டலுக்குள் அவர் ஒரே ஒரு தடவை போயிருக்கிறார். ஷூ வியாபாரத்துக்கு வந்த வெளிநாட்டுக்காரர் அங்கே தங்கியிருந்தார். அவருக்குச் சாம்பிள் தோல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டி இருந்தது. நன்றாகத் தேய்த்துக் குளித்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனார்.

"நல்ல மரியாதை. குடிக்கத் தண்ணி குடுத்தாங்க. பெரிய கண்ணாடி வழியா கடலு தெரிஞ்சுது. ஆனா பாருங்க, சத்தமே இல்ல. படம் மாட்டி வெச்ச மாதிரி கீது. அந்த வெள்ளைக்காரரு தோலை மோந்து பாத்து 'நல்ல வாசனை'ன்னாரு. நம்ம ஆளுங்க அதே வாசனைக்கு பஸ்ல எழுந்து போனாங்க!"

கோவளம் ஒரு காலத்தில் ஆற்காட்டு நவாபுகளின் துறைமுகம். வேலூர்ப் பக்கத்து ராஜாங்கத்துக்குக் கடல் வாசல் என்று சொல்லலாம். 1752-ல் கிளைவ் அங்கிருந்த கோட்டையைப் பிடித்தார். இப்போது அங்கே உள்ள தர்காவுக்கு வெளியூரில் இருந்தும் ஜனங்கள் போகிறார்கள்.

குடும்பத்தோடு போக அவர் முதல் மார்க் போடுவது கோவளம் பொதுக் கடற்கரைக்குத்தான். 2021-ல் அதற்கு 'நீலக்கொடி' என்ற சர்வதேசச் சான்று கிடைத்தது. அதே ஆண்டு புதுச்சேரி ஈடன் கடற்கரைக்கும் கிடைத்தது. சுத்தமான கழிவறை, உடை மாற்றும் அறை, குளிக்கும் இடத்துக்கு எல்லை, உயிர் காக்கும் ஆட்கள் எல்லாம் இருந்தால்தான் அந்தக் கொடி. கடல் தண்ணீரைப் பரிசோதனை செய்து முடிவை ஜனங்கள் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும் என்பதும் அதன் விதி.

இந்த விதிதான் பெரியவரை யோசிக்க வைத்தது.

"குளிக்கிற தண்ணிக்கே போர்டு வெச்சுக் கணக்கு சொல்லணும்னு சட்டம் கீது. எங்க பக்கத்துல கெணத்துத் தண்ணியை எத்தனை வருஷமா குடிச்சோம். ஒரு நாளு ஒருத்தராவது போர்டு வெச்சாங்களா?"

கல்லில் ஏறிய உப்பு

கோவளத்தில் இருந்து மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணை. 1976-ல் தொடங்கியது. அங்கே பெரியவர் வெகுநேரம் நின்றுவிட்டாராம். "42 வருஷம் தோலுல வேலை செஞ்சவன், இந்தத் தோலு மட்டும் கை படல. படவும் கூடாது. சட்டம் புடிச்சுக்கும்" என்று சிரிக்கிறார். 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அது.

மாமல்லபுரம் அவருக்கு 2 தடவை. ஆம்பூரில் இருந்து வேலூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று பஸ் மாறி மாறிப் போகலாம். சிப்பி மாலை, சங்கு, கல் சிற்பம் என்று கடைத்தெரு நெடுக வியாபாரம். பேரம் பேசத் தெரியாதவர்கள் பர்சைத் திறக்காமல் இருப்பது நல்லது.

கடற்கரைக் கோவில் 8-ம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1,300 வருஷமாக உப்புக் காற்று அந்தக் கல்லைத் தின்றுகொண்டே இருக்கிறது. சிற்பங்களின் மூக்கு, முழி எல்லாம் மழுங்கிப் போயிருக்கும்.

தொல்லியல் துறையினர் அதற்கு ஒரு வைத்தியம் செய்கிறார்கள். காகிதத்தைக் கூழாக்கி, ஈரத்தோடு கல்லின் மேல் அப்பி விடுவார்கள். கூழ் காயும்போது கல்லுக்குள் இருக்கும் உப்பை வெளியே இழுத்துக்கொள்ளும். பிறகு உரித்து எடுத்துவிட்டு மறுபடியும் அப்புவார்கள். இந்தச் சேதியை வழிகாட்டி ஒருவர் சொல்லக் கேட்டதும் பெரியவர் கேட்ட கேள்வி:-

"கல்லுல ஏறின உப்பையே எடுக்க வழி கண்டுபுடிச்சுட்டாங்க. எங்க ஊரு மண்ணுல ஏறின உப்பை எடுக்க முடியாதா சார்?"

வழிகாட்டிக்குப் பதில் தெரியவில்லை. "உங்க ஊருல எப்படி சார் உப்பு?" என்று திருப்பிக் கேட்டார்.

42 வருஷம் உதறிய உப்பு

அந்தக் கேள்விக்குப் பதில் அடுத்த வருஷப் பயணத்தில் கண் முன்னால் கிடந்தது. புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போனார்கள். மரக்காணம் வந்ததும் ரோட்டுக்குப் பக்கத்தில் பாத்தி பாத்தியாக உப்பளம். வெயிலில் வெள்ளை வெளேர் என்று உப்புக் குவியல்கள். பெரியவர் பஸ்சை விட்டு இறங்கிவிட்டார். மனைவிக்குக் கோபம். "டிக்கெட்டு பாண்டிச்சேரிக்கு எடுத்துட்டு இங்க எறங்குற மனுசன் இவருதான்!"

பாத்தி ஓரத்தில் கிடந்த உப்பை ஒரு கை அள்ளிப் பார்த்தாராம். 16 வயதில் முதல் நாள் வேலைக்குப் போனபோது கையில் கொடுத்தது அதே உப்புத்தான்.

ஆடு, மாட்டுத் தோலை உரித்ததும் உப்புப் போடாவிட்டால் அழுகிவிடும். 100 கிலோ பச்சைத் தோலுக்கு 30 முதல் 40 கிலோ வரை உப்புப் பிடிக்கும். தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் என்று கடற்கரையில் விளையும் உப்பு, தோலோடு ஒட்டிக்கொண்டு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்கு வந்துவிடும். கம்பெனியில் முதல் வேலை அந்த உப்பை உதறுவது. இரண்டாவது வேலை தோலைத் தண்ணீரில் ஊறப் போட்டு மிச்ச உப்பைக் கழுவுவது.

அந்தக் கழுவுத் தண்ணீரில் என்ன இருக்கும்? கடல் தண்ணீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. தோலை முதலில் ஊற வைத்த தண்ணீரிலும் அதே அளவு, சில சமயம் அதற்கு மேலேயும் உப்பு இருக்கும். குடிதண்ணீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு அரை கிராமுக்குள் இருப்பதுதான் நல்லது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2 கிராம் வரை விடலாம் என்பது விதி.

சுத்திகரிப்பு நிலையங்கள் வராத காலத்தில் அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்குப் போனது. வாய்க்கால் ஏரிக்குப் போனது. ஏரியும் வாய்க்காலும் பாலாற்றுக்குப் போயின.

"சொல்லப் போனா நானுந்தான் கொட்டினேன். தெனமும் தொட்டி மதகைத் தொறந்து விட்டவன் நான். யாரையும் கை காட்டி நான் தப்பிச்சுக்க மாட்டேன். அந்தச் சம்பளத்துலதான் வூடு கட்டினேன், பொண்ணைப் படிக்க வெச்சேன். அதே தண்ணியிலதான் எங்க மாமனாரு நெலத்துல தென்னை மரம் காஞ்சுது" என்றார் பெரியவர். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மணல் இல்லாத கடற்கரை

புதுச்சேரிக்குப் போகிறேன் என்று ஆம்பூரில் சொன்னால் ஒரு மாதிரி சிரிப்பார்கள். தண்ணியில்லாத ஆற்றுக்காரன் 'தண்ணி'க்காகப் போகிறான் என்று அர்த்தம். பெரியவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவர் போனது கடற்கரைச் சாலையைப் பார்க்க.

சாயங்காலம் ஆனால் அந்தச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் என்று காலார நடக்கலாம். குழந்தைகள் ஓடினாலும் பயமில்லை. "நடக்கிறதுக்கு இதை விட்டா வேற கடக்கரை கெடையாது" என்று சான்று கொடுக்கிறார்.

ஆனால் அலையில் கால் நனைக்க ஆசைப்பட்டு வந்தவர்களுக்கு ஏமாற்றம். சாலை நெடுகக் கருங்கல் பாறைகள். ஒரு காலத்தில் அங்கேயும் நல்ல மணல் இருந்தது. 1980-களின் கடைசியில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டினார்கள். மெரினாவில் நடந்த அதே கதைதான். ஆனால் இங்கே ஊர் சுவருக்கு வடக்கே இருக்கிறது. வரவேண்டிய மணல் தெற்கேயே நின்றது. ஊர் மணலைக் கடல் கொண்டுபோனது. 2018-ல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்குள் இரும்பில் செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கியது. அதன் பிறகு காந்தி சிலைப் பக்கம் ஓரளவு மணல் திரும்பியது.

"ஒருத்தன் ஒரு எடத்துல தடுத்தா இன்னொருத்தன் வூட்டு வாசல்ல போயி விடியுது. ஆத்துக்கும் அதே சட்டம், கடலுக்கும் அதே சட்டம்" என்பது பெரியவரின் கருத்து.

அலை பாடும் ஊர்

இன்னும் தெற்கே போனால் தரங்கம்பாடி. 1620-ல் டென்மார்க்குக்காரர்கள் வந்து டேன்ஸ்பர்க் கோட்டை கட்டிய இடம். 1706-ல் சீகன்பால்கு வந்து இறங்கி, தமிழில் அச்சுப் புத்தகம் போட்ட ஊர். 1845-ல் டேனிஷ்காரர்கள் அதை வெள்ளைக்காரர்களிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோவில். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

"சத்தம் இல்ல, கடை இல்ல, இழுத்துப் புடிச்சு விக்கிறவன் இல்ல. கோட்டை மதில் நெழல்ல குந்திகினு கடலைப் பாத்தா, வயசு 10 கொறையும்" என்கிறார். ராத்திரி சாப்பாட்டுக்குக் கஷ்டம், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும் என்று மனைவி குறுக்கே புகுந்து சொன்னார்.

அங்கிருந்து நாகூர், வேளாங்கண்ணி பக்கம்தான். தோல் தொழில் ஊர்களில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் ஒரே கம்பெனியில் வேலை செய்பவர்கள். கந்தூரிக்கு நாகூர் போகும் கூட்டத்தோடும் இவர் போயிருக்கிறார். செப்டம்பர் 8 திருவிழாவுக்கு வேளாங்கண்ணி போகும் கூட்டத்தோடும் போயிருக்கிறார்.

வேளாங்கண்ணிக் கடலில் மட்டும் அவர் கால் நனைக்கவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கோவிலுக்கு வந்த யாத்திரிகர்களும் அதில் உண்டு. "கையைக் கூப்பிட்டு வந்துட்டேன். அங்க வெளையாட மனசு வரல" என்றார்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு

பெரியவர் சொல்லும் யோசனைகள்:-

1. தெரியாத கடலில் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். அந்த ஊர் மீனவர் "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான்.

2. சித்திரை, வைகாசியில் பகலில் மணலில் கால் வைக்க முடியாது. தை, மாசி மாதங்கள் நல்லது.

3. குழந்தையைக் கரையில் நிறுத்திவிட்டுப் பெரியவர்கள் போட்டோ எடுக்கப் போகக்கூடாது.

4. குடிதண்ணீர் வீட்டில் இருந்து கொண்டு போங்கள். "எங்க ஊருக்காரங்க மட்டும் போற எடத்துல ரொப்பிகினு வாங்க!"

நாலாவதைச் சொல்லிவிட்டு அவரே சிரிக்கிறார். ஆனால் அது வெறும் வேடிக்கை இல்லை. பாலாற்றுக் கரையில் உள்ள ஆம்பூர், வேலூர்ப் பகுதிக்கு இப்போது குடிதண்ணீர் வருவது காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இருந்து!

பேத்தி கேட்ட கேள்வி

பெரியவரின் பேத்தி 6-ம் வகுப்பு படிக்கிறாள். ஒருநாள் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்:-

"தாத்தா, நீ எல்லாக் கடலும் பாத்துட்டேன்னு சொல்றியே. நம்ம ஊரு ஆறு எந்த எடத்துல கடல்ல சேருது?"

மேஸ்திரிக்கு வாய் அடைத்துப் போனது. அத்தனை கடற்கரை பார்த்தவர், தன் ஊர் ஆறு போய்ச் சேரும் கடலைப் பார்த்ததில்லை.

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் உற்பத்தியாகிறது. மொத்த நீளம் 348 கிலோ மீட்டர். கர்நாடகத்தில் 93, ஆந்திராவில் 33, தமிழ்நாட்டில் 222. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று வந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் என்ற இடத்தில் கடலில் கலக்கிறது.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் 3 பேரும் கிளம்பினார்கள். வழியில் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டையையும் கல்லறைகளையும் பார்த்தார்கள். அங்கிருந்து வயலூருக்கு ஆட்டோ.

அங்கே ஓட்டல் இல்லை, குடை இல்லை, சிப்பிக் கடை இல்லை. அகலமான மணல். ஒரு பக்கம் அசையாமல் கிடக்கும் ஆற்றுத் தண்ணீர். இன்னொரு பக்கம் கடல். நடுவில் மணல் மேடு. வலை வீசிக்கொண்டு இருந்த மீனவர் ஒருவரிடம் பெரியவர் கேட்டார்.

"தம்பி, ஆறு எங்கப்பா கடல்ல சேருது?"

"இப்ப சேராதுங்க ஐயா. மழை அடிச்சு வெள்ளம் வந்தா முகத்துவாரம் தொறக்கும். 2021 கார்த்திகையில வந்துச்சு பாருங்க தண்ணி! அந்த மாதிரி வந்தாத்தான். நீங்க எந்த ஊரு?"

"ஆம்பூரு. இந்த ஆத்துக்கு மேல்கையில."

"அப்போ நீங்க அனுப்புற தண்ணிதான் எங்களுக்கு" என்று சொல்லிவிட்டு அவர் வலையை இழுத்தார். வெறும் பேச்சுக்குச் சொன்ன வார்த்தை. ஆனால் பெரியவருக்கு அது சுருக்கென்று தைத்தது.

அதற்குள் பேத்தி அலையில் ஓடி, ஒரு வாய் கடல் தண்ணீர் குடித்துவிட்டாள். துப்பிக்கொண்டே கத்தினாள்:-

"ஆயா! நம்ம வூட்டு போர் தண்ணி மாதிரியே கீது!"

சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

குழந்தை சொன்னதைக் கோர்ட்டும் ஒருநாள் சொன்னது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வழங்கியது. தோல் தொழில் பகுதியில் சுமார் 35 ஆயிரம் ஹெக்டேர் விளைநிலம் கொஞ்சமாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதை அந்தத் தீர்ப்பு எடுத்துக் காட்டியது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டியதும் அந்தத் தீர்ப்புத்தான்.

அதன் பிறகு கம்பெனிகளில் நிலைமை மாறியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. கழிவு நீரை வடிகட்டி மறுபடியும் பயன்படுத்துகிறார்கள். மிஞ்சும் உப்பைக் காய்ச்சி மூட்டை கட்டி அடுக்குகிறார்கள். அந்த மூட்டைகளை எங்கே கொண்டு போவது என்பது இன்னும் தீராத சிக்கல். மண்ணுக்குள் ஏற்கெனவே இறங்கிய உப்பு அப்படியே இருக்கிறது. 2025 ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் ஒரு தீர்ப்பு சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டுப் பாக்கியைக் கொடுத்து முடிக்க வேண்டும், பாலாற்றைச் சீர்செய்யும் வேலையைக் கவனிக்க ஓய்வு பெற்ற ஐகோர்ட்டு நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகளுக்கு மேல்.

"கம்பெனியை மூடுன்னு நான் சொல்ல மாட்டேன். மூடினா இங்க எத்தனை வூட்டுல அடுப்பு எரியாது. ஆனா கடல்ல இருந்து வந்த உப்பு கடலுக்குத் திரும்பிப் போவல. நடுவழியில எங்க கெணத்துல குந்திகினு கீது. உப்பு கடல்ல இருந்தா அழகு. பாத்தியில இருந்தா காசு. கெணத்துல இருந்தா இன்னா பண்றது?"

வயலூருக்கு எத்தனை மார்க் என்று மனைவி கேட்டாராம். பெரியவர் மார்க் போடவில்லை. டிக்கெட்டை மட்டும் டப்பாவில் போட்டு வைத்தார்.

இந்த வருஷம் புதுக் கடற்கரை எதுவும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து, ஆம்பூர்ப் பாலத்துக்குக் கீழே தண்ணீர் ஓடினால், மறுநாளே வயலூருக்குப் பஸ் ஏறுவதாகப் பேத்திக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆறு கடலில் சேர்வதை இந்தத் தடவை கண்ணால் பார்க்க வேண்டுமாம். பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் லீவு எழுதிக் கொடுக்க அவளுடைய அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.